பிலிம் பழகிய கை டிஜிட்டலுக்கு மாறுவது எப்படி: மலையகத்தில் படம் பிடிப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அலுமாரியில் ஒரு நிக்கோன் எஃப்எம்2 அல்லது பென்டாக்ஸ் கே1000 இருக்கிறது. அதை வைத்து இருபது முப்பது வருடமாகக் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று எடுத்திருக்கிறீர்கள். வெளிச்சம் பார்க்கத் தெரியும். எந்தக் கணத்தில் அமுக்க வேண்டும் என்பதும் தெரியும். இப்போது பிலிம் கிடைப்பதும் அதைக் கழுவி எடுப்பதும் பெரும்பாடாகிவிட்டதால் டிஜிட்டலுக்கு வர நினைக்கிறீர்கள். இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இப்படி மாறிய பலரோடு உட்கார்ந்து பழக்கியிருக்கிறேன். புதிதாகக் கமரா தூக்கும் பிள்ளைகளைவிட, பிலிமில் கைதேர்ந்தவர்கள்தான் முதல் மாதம் கூடத் தடுமாறுகிறார்கள். அவர்களுடைய நல்ல பழக்கம் ஒன்று டிஜிட்டலில் தலைகீழாகிவிடுவதே காரணம். அது ஐந்தாம் பகுதியில் வருகிறது. மற்றவற்றை வேகமாக வாசித்துப் போனாலும், அங்கே சொல்லியிருக்கும் பயிற்சியைத் தவறாமல் செய்யுங்கள்.

வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் கமராவை வாங்கிவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள், ஒரே மழைக்காலத்தில் லென்ஸைப் பூஞ்சணத்துக்குக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

1. கமராவுக்கு முன்னால் வாங்க வேண்டியவை

காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், வெளியே கழற்றி எடுக்கும் வகை ஹார்ட் டிஸ்க் இரண்டு, தூசி ஊதும் ரப்பர் ஊதி ஒன்று. வீட்டில் ஓடுகிற கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் போதும்.

பெட்டி ஏன் முதலில்? நுவரெலியா, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசியிலிருந்து தை வரை மழை. எந்தப் பக்கம் இருந்தாலும் சில மாதங்களுக்கு அலுமாரியில் மடித்து வைத்த துணியே ஈரம் பிடித்துத்தான் இருக்கும். அந்த ஈரத்தில் லென்ஸின் உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம் படரும். நாள்பட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தடம் போகாது.

பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். மீட்டர் 60ஐத் தாண்டினால் சிலிக்கா ஜெல்லைச் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். அதற்கென்று தனித் தகரம் ஒன்றை ஒதுக்குங்கள். நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லில் இரசாயனம் உண்டு, அதைச் சமையல் சட்டியில் வறுக்கக் கூடாது. சிலர் அதற்குப் பதிலாக அரிசி போட்டு வைக்கிறார்கள். அரிசி மாவு பறந்து லென்ஸுக்குள் போவதுதான் மிச்சம்.

பழைய தோல் உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் கமராவை அதற்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பூஞ்சணம் பிடித்த லென்ஸ் ஏற்கெனவே இருந்தால் அதைப் புதிய பெட்டிக்குள் சேர்க்காமல் வேறு இடத்தில் வையுங்கள்.

2. கையில் உள்ள லென்ஸ் எதில் பொருந்தும்?

கமரா வாங்குமுன் உங்களிடம் உள்ள லென்ஸ்களை மேசையில் பரப்பி ஒரு தாளில் எழுதுங்கள். லென்ஸ்தான் நீங்கள் எந்தக் கம்பெனிப் பக்கம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.

முதலில் டோர்ச் அடித்துப் பாருங்கள். அப்பர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் துவாரத்தை) முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டு, முன்பக்கம் சாய்த்துப் பார்த்தால் பூஞ்சணமும் புகைமூட்டமும் தெரியும். பட்டியலில் சுத்தமான லென்ஸ்கள் மட்டும் இருக்கட்டும்.

நிக்கோன் லென்ஸ் என்றால் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் 1959இல் வந்த எஃப் மவுண்ட்டைத்தான் (லென்ஸைக் கமராவில் பூட்டும் வளையம்) அவர்களுடைய டிஜிட்டல் எஸ்எல்ஆர்களும் வைத்திருக்கின்றன. ஆனால் பொருந்துவது வேறு, வேலை செய்வது வேறு. டீ3000, டீ5000 வரிசைக் கமராக்களில் போக்கஸ் மோட்டார் இல்லை. தனக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை மாட்டினால் கையால்தான் போக்கஸ் செய்ய வேண்டும். முழுக்கக் கையால் இயக்கும் ஏஐ லென்ஸை (நிக்கோனின் பழைய லென்ஸ் வகை ஒன்று) மாட்டினால் வெளிச்சம் அளக்கும் மீட்டரும் வேலை செய்யாது. டீ7000, டீ7100, டீ7200 மூன்றிலும் மோட்டாரும் உண்டு, ஏஐ லென்ஸுக்கு மீட்டரும் உண்டு. எஃப்எம்2 வைத்திருந்தவர்களை நான் அந்த மூன்றில் ஒன்றின் பக்கம்தான் அனுப்புவேன்.

அதற்கும் முந்திய, ஏஐ ஆக மாற்றப்படாத நிக்கோன் லென்ஸ்களை அந்த மூன்றிலும் மாட்டாதீர்கள். மவுண்ட்டின் ஓரத்தில் உள்ள சின்ன நெம்பு உடைந்துபோகும்.

கெனனில் ஒரு வெட்டு இருக்கிறது. 1987இல் வந்த இஎஃப் லென்ஸ்கள் கெனன் டிஜிட்டல் எஸ்எல்ஆர்களில் அப்படியே வேலை செய்யும். அதற்கு முந்திய எஃப்டி லென்ஸ்கள் அவற்றில் சரிவராது, தூரத்து மலை போக்கஸே ஆகாது. எஃப்டி வைத்திருப்பவர்கள் மிரர்லெஸ் கமராவும் (உள்ளே கண்ணாடி இல்லாத வகை) அடாப்டரும் வாங்கினால் தப்பலாம். பென்டாக்ஸ் கே மவுண்ட் லென்ஸ்கள் பென்டாக்ஸ் டிஜிட்டலில் ஏறும். மெனுவில் அப்பர்ச்சர் வளையத்தைப் பயன்படுத்த அனுமதி கொடுத்துவிட்டு எம் நிலையில் (வேகம், அப்பர்ச்சர் இரண்டும் உங்கள் கையில்) வைக்க வேண்டும்.

இன்னொன்று. சாதாரண டிஜிட்டல் எஸ்எல்ஆரின் சென்சர் (பிலிமுக்குப் பதிலாக வெளிச்சத்தைப் பிடிக்கும் தகடு), பிலிம் பிரேமைவிடச் சிறியது. நிக்கோன், பென்டாக்ஸ், சோனியில் 1.5 மடங்கும் கெனனில் 1.6 மடங்கும் கோணம் குறுகும். உங்கள் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. மாதிரிப் பார்க்கும். முகத்துக்கு நன்று. ஆனால் லயத்துக் காம்பராவுக்குள் 28 மி.மீ. லென்ஸால் முழுக் குடும்பத்தையும் எடுத்தவர், இப்போது சுவரில் முதுகு முட்டியும் ஆள் பிரேமுக்குள் வராமல் தவிப்பார். கமராவோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸை இதற்காகவே வாங்குங்கள். மலிவு லென்ஸ் என்று ஒதுக்க வேண்டாம்.

3. பழைய டிஜிட்டல் கமராவைச் சோதித்து வாங்குதல்

முதல் கமரா செகண்ட் ஹேண்டாக இருக்கட்டும். 16 முதல் 24 மெகாபிக்சல் வரை உள்ளது தாராளம். 12க்கு 18 அங்குலப் பிரிண்ட்டை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் போட்டால்கூட 19.4 மெகாபிக்சல்தான் தேவை, அதைவிடச் சிறிய பிரிண்ட்டுக்கு 16 போதும்.

விற்பவர் முன்னாலேயே இதைச் செய்யுங்கள். எஃப் 16இல் வைத்து வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் வட்டங்கள் தெரிந்தால் சென்சரில் தூசி. ஊதினால் போகும் தூசிக்குப் பயப்பட வேண்டாம், கீறலுக்குப் பயப்பட வேண்டும். பிறகு லென்ஸ் மூடியை மாட்டியபடி இரண்டு செக்கன் திறந்து ஒரு படம் எடுங்கள். கறுப்பில் சிவப்பு நீலப் புள்ளிகள் நிறைய மின்னினால் விட்டுவிடுங்கள்.

பெட்டரியைக் கழற்றி மேசையில் வையுங்கள். உப்பியிருந்தால் தட்டையாக உட்காராது. ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். டீ7000 போன்றவற்றின் ஷட்டரை 150,000 தடவைக்குச் சோதித்திருப்பதாகக் கம்பெனி சொல்கிறது. அரைவாசிக்குக் கீழே இருந்தால் நிம்மதி.

4. முதல் நாள் அமைப்புகள்

திகதியும் நேரமும் முதலில். பழைய கமராக்களில் பெட்டரி இல்லாமல் கிடந்து கடிகாரம் ஆரம்பத்துக்குப் போயிருக்கும். அதைத் திருத்தாமல் எடுத்தால், பத்து வருடம் கழித்து எந்தத் தேர் எந்த வருடத்துத் தேர் என்று கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்க முடியாது.

கோப்பு வகையை ரோவும் ஜேபெக்கும் சேர்த்து வையுங்கள். ரோ என்பது கழுவிய நெகட்டிவ், ஜேபெக் என்பது லாப்பிலிருந்து வந்த பிரிண்ட். நெகட்டிவை எறிந்துவிட்டுப் பிரிண்ட்டை மட்டும் வைத்துக்கொள்ள நீங்கள் சம்மதிப்பீர்களா? இடம் மிச்சம் பிடிக்க ஜேபெக்கை மட்டும் எடுப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

மெனுவில் எரிந்த வெள்ளையை (வெளிச்சம் அளவு மீறி விவரம் அழிந்த இடத்தை) மின்னிக் காட்டும் வசதியைப் போடுங்கள். ஹிஸ்டோகிராமையும் (இடப்பக்கம் கறுப்பு, வலப்பக்கம் வெள்ளை என்று படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபு) போடுங்கள். படத்தின் வண்ண அமைப்பை நியூட்ரலில் வையுங்கள். ஏனென்றால் கமரா காட்டும் ஹிஸ்டோகிராம் ஜேபெக்கை வைத்துப் போட்டது. வண்ணத்தைக் கூட்டி வைத்தால் அது பொய் சொல்லும்.

தானாக ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன் எண்) மாறும் வசதியை முதல் மாதம் நிறுத்தி வையுங்கள். வெள்ளைச் சமநிலையைப் பகலில் வெயில் அடையாளத்தில் வையுங்கள், நீங்கள் பழகிய டேலைட் பிலிம் அதுதான். எடுக்கும் முறை ஏ. அப்பர்ச்சர் உங்கள் கையில், வேகம் கமராவின் கையில். மற்ற மெனுக்களை இப்போது திறக்கவே வேண்டாம்.

5. வெளிச்சம் அளக்கும் பழக்கத்தைத் திருப்புங்கள்

தலவாக்கலைக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில், காலை பத்து மணிக்கு, கொழுந்து நிறுக்கும் மடுவத்தடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோடு நின்றேன். நாற்பது வருடம் பிலிமில் எடுத்தவர். கூடையை இறக்கிவிட்டு வந்த ஒரு அம்மாவின் தலையில் வெள்ளைத் துண்டு மடித்துப் போட்டிருந்தது. வெயில் நேராகத் துண்டில், முகம் நிழலில். சேர் எப்போதும்போல முகத்துக்கு அளந்து, பாதுகாப்புக்கு இன்னும் ஒரு ஸ்டொப் (அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம்) கூட்டிக் கொடுத்து அமுக்கினார். திரையில் துண்டு முழுதும் கறுப்பும் வெள்ளையுமாக மின்னி மின்னி அணைந்தது.

"தம்பி, இது ஏன் கண் சிமிட்டுது?"

"சேர், அந்த இடத்தில படம் இல்ல."

பெரிதாக்கிக் காட்டினேன். துண்டின் மடிப்பு, ஓரத்து நீலக் கரை, மடிப்பில் சிக்கியிருந்த ஒற்றைக் கொழுந்து, எதுவுமே இல்லை. அந்த இடம் வெற்றுத் தாளாக இருந்தது. பிலிமில் அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. கலர் நெகட்டிவுக்கு இரண்டு ஸ்டொப் அதிகமாக விழுந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். குறைவாக விழுந்தால்தான் நிழல் செத்துப்போகும். அதனால் நிழலுக்கு அளந்து கொஞ்சம் தாராளமாகக் கொடுப்பது நம் கையில் ஊறிய பழக்கம்.

சென்சர் பீலியடியில் வைத்த குடம் மாதிரி. நிரம்பும் வரை ஒவ்வொரு சொட்டையும் கணக்கில் வைக்கும். நிரம்பிய பிறகு விழுவதெல்லாம் வழிந்து போகும். எவ்வளவு வழிந்தது என்று குடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாறாக, அடியில் கொஞ்சமே தண்ணீர் உள்ள குடத்திலிருந்து மொண்டு எடுக்கலாம். ரோ கோப்பில் நிழலை இரண்டு ஸ்டொப் வரை தூக்கினாலும் படம் நிற்கும். எரிந்த வெள்ளையைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை.

ஆகவே டிஜிட்டலில் வெள்ளைக்கு அளக்க வேண்டும், நிழலைப் பிறகு தூக்க வேண்டும். ஸ்லைட் பிலிம் எடுத்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. மற்றவர்களுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, கை பழக வேண்டும். அதற்கான பயிற்சி இது.

வெயிலுள்ள ஒரு காலையில், தேயிலை பின்னால் தெரியும்படி கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் காயப்போடுங்கள். எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ஏ முறை. பிரேமில் தேயிலை பெரும்பகுதியாகவும் வேட்டி கால்வாசியாகவும் இருக்கட்டும். ஈடுசெய் பொத்தானை (கமரா அளந்த வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ளது) பூச்சியத்தில் வைத்து ஒரு படம். வேட்டி மின்னும். முற்றிய தேயிலையின் கரும்பச்சையைப் பார்த்து மீட்டர் ஏமாந்து, கூடுதல் வெளிச்சம் கொடுத்துவிட்டது.

இனி மூன்றில் ஒரு ஸ்டொப்பாகக் குறைத்துக்கொண்டே எடுங்கள். ஏதோ ஓரிடத்தில் மின்னுவது நிற்கும். பெரும்பாலும் மூன்றில் இரண்டு ஸ்டொப்புக்கும் ஒரு ஸ்டொப்புக்கும் இடையில் நிற்கும். அந்த எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளைத் தேயிலை மலைக்கு முன்னால் நிறுத்தினாலும், டெவன் நீர்வீழ்ச்சியைப் பாறையோடு எடுத்தாலும், உங்கள் கமராவுக்கு அதுதான் தொடக்க எண்.

அடுத்து மூடுபனி இறங்கும் வரை காத்திருந்து அதே கொடியை எடுங்கள். இப்போது பூச்சியத்தில் எடுத்த படம் அழுக்குச் சாம்பலாக வரும். ஹிஸ்டோகிராம் நடுவில் ஒரு சின்னக் குன்று மாதிரிக் குவிந்து நிற்கும், வலப்பக்கச் சுவர் வெறுமையாக இருக்கும். மூடுபனியில் கடும் வெள்ளையும் இல்லை, கடும் கறுப்பும் இல்லை. எல்லாவற்றையும் பார்த்த மீட்டர் அதை நடுச்சாம்பலாக்கிவிடுகிறது. இங்கே மூன்றில் இரண்டு முதல் ஒரு ஸ்டொப் வரை கூட்டுங்கள். குன்று வலப்பக்கம் நகரும், சுவரில் முட்டாது.

ஒரே மலையில், ஒரே காலையில், அரை மணித்தியால இடைவெளியில், ஒரு தடவை குறைக்கவும் ஒரு தடவை கூட்டவும் வேண்டி வருகிறது. நமது ஊரில் வெளிச்சம் அப்படி. ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவுக்கு ஒன்பது மணிக்குப் பிந்திப் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் ஈடுசெய் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்ணை எடுக்காமலே விரல் கண்டுபிடிக்கும் வரை பழகுங்கள்.

இதில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. முதலாவது, எரிந்துவிடும் என்ற பயத்தில் தேவைக்கு மேல் இன்னும் இரண்டு ஸ்டொப் குறைத்து எடுப்பது. நிழலைத் தூக்கும்போது மணல் கொட்டியது மாதிரிப் புள்ளி வரும். மின்னுவது எங்கே நிற்கிறதோ அங்கேயே நிறுத்துங்கள்.

இரண்டாவது, திரையில் படம் பிரகாசமாகத் தெரிகிறது என்று நம்புவது. மலை வெயிலில் திரை இருண்டு தெரியும், இரவில் அதே திரை கண்ணைப் பறிக்கும். ஹிஸ்டோகிராம் எந்த நேரத்திலும் ஒன்றையே சொல்லும். மூன்றாவது, தண்ணீரில் தெறிக்கும் வெயில் புள்ளியும் குத்துவிளக்குச் சுடரும் மின்னுகின்றன என்று முழுப்படத்தையும் இருட்டாக்குவது. அவை எரியட்டும். துணி, தோல், மேகம் ஆகிய மூன்றையும் மட்டும் காப்பாற்றுங்கள்.

6. வேகமும் ஐஎஸ்ஓவும்

50 மி.மீ. லென்ஸுக்கு 1/60 போதும் என்ற பழைய கணக்கு இங்கே தேறாது. கோணம் குறுகியதோடு, 24 மெகாபிக்சல் சென்சர் சின்ன அசைவையும் காட்டிக்கொடுக்கும். 1/125க்குக் கீழே போகாதீர்கள்.

வேகம் குறைந்தால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். பிலிம் கை இதற்குத் தயங்குகிறது. ஒரு ரோல் போட்டால் 36 படமும் ஒரே ஐஎஸ்ஓ என்று பழகியதால், 400ஐத் தாண்ட மனம் வராது. ஐஎஸ்ஓ கூடியதால் புள்ளி விழுந்த படத்தைப் பிரிண்ட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள். அசைந்த முகம் வாசலிலேயே தெரியும்.

மாசியில் காமன் கூத்து எடுப்பவர்களுக்கு: பிளாஷைக் கழற்றி வையுங்கள். பந்தத்தின் வெளிச்சத்தில்தான் ரதியும் மன்மதனும் அப்படித் தெரிகிறார்கள். பிளாஷ் பட்டால் பூச்சும் துணியும் மட்டும் மிஞ்சும். ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200, அப்பர்ச்சர் எஃப் 2 அல்லது 2.8, வேகம் 1/125. வெள்ளைச் சமநிலையைத் தானாக விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். 3200 கெல்வினில் நிறுத்துங்கள், பந்தத்தின் மஞ்சள் கொஞ்சம் மிஞ்சும், அது வேண்டும். காமன் தகனத்தின்போது தீ ஓங்கியதும் எம் முறைக்குப் போய் வேகத்தை 1/500க்கு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் சுவாலையின் உருவம் போய் வெள்ளைப் பந்துதான் கிடைக்கும்.

7. மழையும் குளிரும்

தை, மாசி விடியற்காலையில் நுவரெலியாப் புல்லில் உறைபனி படியும் நாட்களில் பெட்டரி சீக்கிரம் இறங்கும். செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மாற்றுப் பெட்டரியைச் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

வெளிக்குளிரில் நின்ற கமராவை அடுப்பெரியும் குசினிக்குள் நேராகக் கொண்டுபோகாதீர்கள். கண்ணாடியிலும் உள்ளேயும் நீர் பூக்கும். பையின் சிப்பை மூடியபடி முக்கால் மணித்தியாலம் விடுங்கள். பை வெளியே இருக்கும்போதே மெமரி கார்ட்டை எடுத்துக்கொண்டால் காத்திருக்கப் பொறுமை வரும்.

லென்ஸ் மாற்றும்போது கமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடியுங்கள், காற்றுக்கு முதுகு காட்டுங்கள். பிலிமில் தூசி விழுந்தால் அடுத்த பிரேமோடு நகர்ந்து போகும். சென்சரில் விழுந்தால் அடுத்த ஆயிரம் படத்திலும் அதே இடத்தில் இருக்கும். ரப்பர் ஊதியால் ஊதுங்கள், வாயால் ஊதவே கூடாது.

8. படத்தை இறக்குதலும் இரண்டு இடத்தில் வைத்தலும்

128 ஜிபி கார்ட் ஒன்றைவிட 32 ஜிபி கார்ட் இரண்டு நல்லது. 24 மெகாபிக்சல் ரோ கோப்பு ஒன்று 25 முதல் 30 எம்பி வரும். ரோ மட்டும் என்றால் ஒரு கார்ட்டில் ஏறக்குறைய ஆயிரம் படம், ஜேபெக்கும் சேர்த்தால் அதைவிடக் குறைவு. கார்ட் ஒன்று கெட்டாலும் கல்யாணத்தில் பாதியாவது மிஞ்சும். பழைய கமராக்கள் சில 32 ஜிபிக்கு மேல் ஏற்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்த இடத்தில் நின்று ஒவ்வொன்றாக அழிக்காதீர்கள். இரண்டு பேர் கதைத்துக்கொண்டே அழித்ததில் தாலி கட்டும் படம் போன கதை எனக்குத் தெரியும்.

என் இழப்பையும் சொல்கிறேன். ஒரு மாரியம்மன் திருவிழாவின் கரகப் படங்களை இரவே கம்ப்யூட்டரில் இறக்கி, கார்ட்டை அன்றே போர்மட் செய்து, மறுநாள் தேருக்கு எடுத்துப் போனேன். அந்தக் கிழமையே கம்ப்யூட்டரின் டிஸ்க் நின்றுவிட்டது. கரகம் எடுத்தவர் அடுத்த வருடம் உயிரோடு இல்லை. அவருடைய பிள்ளைகள் படம் கேட்டு வந்தபோது கொடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் மாற்றாத வரிசை இது. முதலில் கம்ப்யூட்டருக்கு. அடுத்து முதல் ஹார்ட் டிஸ்க்குக்கு. இரண்டிலும் நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்ப்பது. அதற்குப் பிறகுதான் கார்ட்டைக் கமராவுக்குள்ளேயே போர்மட் செய்வது, கம்ப்யூட்டரில் செய்யக் கூடாது. மாதம் ஒரு தடவை இரண்டாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி எடுத்து, அதை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வைப்பது.

வேறு ஊர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களே மண்ணுக்குள் போயின. நாம் இருப்பது அப்படிப்பட்ட மலைச்சரிவில். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பிரதி வைத்தால் அது ஒரு பிரதிதான்.

கோப்புறைக்கு வருடம், மாதம், நாள், பிறகு இடம் என்று பெயர் வையுங்கள். உதாரணமாக 2025-04-14 பொகவந்தலாவை. வருடம் முன்னால் வந்தால் கம்ப்யூட்டர் தானாகவே வரிசைப்படுத்தும்.

மின்வெட்டு நேரத்தில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தால் கோப்பு பாதியில் அறும். லெப்டொப்பிலோ யூபிஎஸ் உள்ள கம்ப்யூட்டரிலோ செய்யுங்கள்.

9. ரோ கோப்பைக் கழுவுதல்

விலை கொடுத்து மென்பொருள் வாங்க அவசரப்படாதீர்கள். நிக்கோனின் என்எக்ஸ் ஸ்டூடியோ, கெனனின் டிஜிட்டல் போட்டோ புரொபெஷனல் இரண்டும் இலவசம். டார்க்டேபிளும் இலவசம்தான், ஆனால் பழக நாள் எடுக்கும்.

இருட்டறை வரிசையே இங்கும் வரிசை. முதலில் மொத்த வெளிச்சம், பிறகு நிறம், பிறகு நிழலைத் தூக்குதல், கடைசியில் வெட்டுதல். நிழலைத் தூக்கிவிட்டு வெளிச்சத்தைத் தொட்டால் எல்லாம் திரும்பக் கலையும். தேயிலைப் பச்சையைக் கூட்டும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. கூட்டினால் கொழுந்தின் இளமஞ்சள் பச்சைக்கும் முற்றிய இலையின் கரும்பச்சைக்கும் உள்ள வித்தியாசம் அழிந்துபோகும். மலையின் அழகே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கை வைக்காதீர்கள்.

10. பிரிண்ட் போடுதல்

பிரிண்ட்டுக்குக் கொடுக்கும் ஜேபெக் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் இருக்க வேண்டும். வேறொன்றில் கொடுத்தால் தோல் நிறம் செத்து வரும். 4க்கு 6 அங்குலத்துக்கு 1200க்கு 1800 பிக்சல். 4க்கு 6உம் 8க்கு 12உம் உங்கள் பிரேமின் அளவு விகிதத்துக்குச் சரியாகப் பொருந்தும். 8க்கு 10 கேட்டால் ஓரம் வெட்டுப்படும், குழுப்படத்தில் ஓரத்து ஆள் போய்விடுவார்.

படங்களை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பிப் பிரிண்ட் எடுப்பதுதான் இன்று மிகப் பெரிய தவறு. அனுப்பும்போதே அது படத்தைச் சுருக்கிவிடும், பிரிண்ட் மங்கலாக வரும், பழி கமராவின் மேல் விழும். பென் டிரைவில் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் டொக்கியுமெண்டாக அனுப்புங்கள். முதல் தடவை ஐந்து படம் மட்டும் போட்டு, தானியங்கித் திருத்தம் வேண்டாம் என்று சொல்லி, உங்கள் திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிலிம் காலத்தில் படம் எடுத்தால் பிரிண்ட் கொண்டுவந்து கொடுப்போம் என்று லயத்து ஆட்கள் நம்பிக் காத்திருப்பார்கள். இப்போது திரையில் காட்டியதும் காரியம் முடிந்தது என்று நாம் நகர்ந்துவிடுகிறோம். மடுவத்தடியில் எடுத்த அந்த அம்மாவின் படத்தைச் சேர் வேறொரு நாள் சரியாக எடுத்து, 8க்கு 12இல் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். அது இப்போது அவர்கள் வீட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மாதம் பத்துப் பிரிண்ட்டாவது போடுங்கள்.

11. பழைய நெகட்டிவ்களைப் படமெடுத்தல்

இது கடைசியில் வரக் காரணம், ஐந்தாம் பகுதியும் எட்டாம் பகுதியும் கை வந்த பிறகுதான் இதை ஒழுங்காகச் செய்ய முடியும். நெகட்டிவ்களில் ஏற்கெனவே பூஞ்சணம் படர்ந்திருந்தால் மட்டும் உடனே தொடங்குங்கள்.

வெளிச்சத்துக்கு டெப்லெட்டின் வெள்ளைத் திரை போதும். நெகட்டிவை நேராகத் திரையில் வைத்தால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும். பால் வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு ஒன்றை இடையில் வைத்து, நெகட்டிவைச் சில சென்டிமீட்டர் உயர்த்துங்கள். பழைய என்லார்ஜரின் நெகட்டிவ் தாங்கி இருந்தால் அதுவே பிலிமைத் தட்டையாகப் பிடிக்கும். கமராவை ஸ்டாண்டில் நேர்செங்குத்தாக மாட்டி, மக்ரோ லென்ஸில் (மிகக் கிட்ட இருந்து எடுக்கும் லென்ஸ்) எஃப் 8, ஐஎஸ்ஓ 100, இரண்டு செக்கன் டைமர். அறையில் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

நெகட்டிவின் ஓரத்தில் உள்ள எழுத்து நேராக வாசிக்கும் பக்கம் கமராவைப் பார்க்கட்டும். மறுபக்கம் வைத்தால் சாரி முந்தானை இடவலம் மாறும். கலர் நெகட்டிவில் படம் விழாத செம்மஞ்சள் ஓரத்தை வைத்து வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்து, பிறகு கேர்வை (மென்பொருளில் வெளிச்சத்தைச் சரிசெய்யும் கோட்டை) தலைகீழாக்குங்கள். வரிசையை மாற்றினால் படம் முழுக்க நீலம் பூசிவிடும்.

படமெடுத்து முடிந்தாலும் நெகட்டிவை எறியாதீர்கள். புதிய கடதாசி உறையில் போட்டு, வருடத்தைப் பென்சிலால் எழுதி, பெட்டிக்குள் வையுங்கள். பேனா மை ஈரத்தில் கசியும்.

கோப்புகளைக் கணினியில் விட்டுவிட்டு எழுந்துவிடாமல், வீட்டில் வயதில் மூத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு படமாகத் திறந்து காட்டுங்கள். இடமிருந்து வலமாக யார் யார், எந்த டிவிஷன், எந்தத் திருவிழா என்று அவர் சொல்லச் சொல்ல, கோப்பின் பெயரிலேயே எழுதிக்கொண்டு போங்கள். ஒரே நாளில் முப்பது படத்துக்கு மேல் காட்ட வேண்டாம். முப்பதைத் தாண்டினால் அவர்களுக்குப் பெயர்கள் கலங்கும், சில முகங்களைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசாமலும் இருப்பார்கள். அடுத்த படத்தைத் திறக்காமல் காத்திருங்கள்.